விரித்துக் காயப்போடாத துணிகள்

2025 நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை. காலை பத்தேகால் மணி. வெளியே விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட ஈர நாளில் மரத்துக்கு எண்ணெய் பூசக் கூடாது. பூசினால் உலராது, வாரம் கடந்தாலும் கை வைத்தால் பிசுபிசுக்கும். இதை முதலில் சொல்வதற்குக் காரணம், ஆய்வாளர் அம்மா, உங்கள் மேசை. நல்ல தேக்கு. யாரோ வார்னிஷ் அடித்து, அது வெடித்து, ஓரமெல்லாம் செதில் செதிலாகப் பெயர்ந்திருக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் உப்புத்தாளால் தேய்த்துவிட்டுக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் பூசச் சொல்லுங்கள். கடையில் லின்சீடு ஆயில் என்று கேட்டால் தருவார்கள்.

என் பெயர் சண்முகசுந்தரம். ஆவடியில் ஓர் உதவிபெறும் பள்ளியில் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி இல்லை. அயனம்பாக்கத்திலிருந்து திருவேற்காட்டுக்குப் போகும் வழியில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக வசிக்கிறேன். அங்கே தமிழில் எந்த அறிவிப்பு வெளிவந்தாலும், அது என் பார்வைக்கு வந்து போவது வழக்கம். நேற்று மாலையும் ஒரு தாள் வந்தது. அக்டோபர் முதல் தேதி, சரசுவதி பூசையன்று, எங்கள் படிப்பறையில் பிடித்த தீயைப் பற்றிய குடியிருப்போர் சங்கத்தின் அறிக்கை. எல்லா நிருவாகிகளும் கையொப்பமிட்டிருந்தார்கள். நானும் நிருவாகிகளில் ஒருவன்; என் இடம் மட்டும் காலியாக இருந்தது. அதில் சந்திப்பிழைகள் பல. அவற்றைத் திருத்திவிட்டேன். செய்திப்பிழைகள் இரண்டு. அவற்றைத் திருத்துவதற்காகத்தான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

முதல் பிழை: 'துப்புரவுப் பணியாளர் வேம்புலியம்மாள் ஏற்றிய விளக்கு சாய்ந்து தீப்பற்றியது.' விளக்கு சாயவில்லை. இரண்டாம் பிழையைக் கடைசியில் சொல்கிறேன். வரிசை முக்கியம்.

முதலில் மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் குடியிருப்பு நிற்கும் இடத்தில் முன்பு ஒரு வீடும் அதைச் சுற்றி வயலும் இருந்தன. அந்தக் குடும்பத்தின் கடைசி மகன் ஏகாம்பரம். பங்காளிகள் விற்றார்கள், இவரும் கையொப்பமிட்டார். பிறகு அதே இடத்தில் காவலாளியாக வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய மனைவிதான் வேம்புலியம்மாள். வீட்டை இடித்தபோது எடுத்த தேக்கு உத்தரங்கள் தரைத்தளத்தில் ஜெனரேட்டருக்குப் பின்னால் கேட்பாரற்றுக் கிடந்தன. சங்கத்தின் இசைவோடு ஆசாரி ஒருவரை வைத்து அவற்றை அறுத்து, படிப்பறைக்கு ஒரு நீண்ட மேசை செய்வித்தேன். செய்தவர் ஆசாரி. மேசையாக்கியது நான். இந்த வேறுபாடு பலருக்குப் புரிவதில்லை.

அறுத்த மரம் வெறும் பலகை. அதைக் கரடுமுரடான உப்புத்தாளில் தொடங்கி, மிக மெல்லிய தாள்வரை, இழை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே ஒரே ஒரு முறை தேய்த்தாலும் எண்ணெய் பட்டதும் அந்தக் கீறல் காட்டிக்கொடுக்கும். பிறகு எண்ணெயைத் துணியில் தொட்டுப் பூசி, சிறிது நேரம் ஊறவிட்டு, மிச்சத்தை மீதம் வைக்காமல் துடைத்தெடுக்க வேண்டும். துடைப்பதுதான் வேலை, பூசுவதை எவரும் செய்யலாம். முதல் பூச்சில் மரம் விழித்துக்கொள்வதுபோல் நிறம் மாறும். அடுத்தடுத்த பூச்சுகளில் ஒன்றும் மாறாததுபோல் தோன்றும். ஓராண்டுக் காலம் அந்த மேசைக்கு நான் பூசினேன். இறுதியில் அதன் மேல் விழுந்த வெளிச்சம் மரத்துக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. வார்னிஷின் பளபளப்பு அன்று அது. வார்னிஷ் மரத்தை மூடும். எண்ணெய் மரத்தை ஒப்புக்கொள்ளச் செய்யும்.

இந்த எண்ணெய்க்கு ஓர் இயல்பு உண்டு. தண்ணீர் காய்ந்தால் ஆவியாகிப் போய்விடுகிறது. இது எங்கும் போவதில்லை. காற்றை உள்ளிழுத்துக் கெட்டிப்படுகிறது. கெட்டிப்படும்போது சூடு பிறக்கிறது. மரத்தின் மேல் மெல்லிய படலமாக இருக்கையில் அந்தச் சூட்டை யாரும் உணர மாட்டார்கள். துடைத்த துணியை விரித்துக் காயப்போட்டாலும் சூடு காற்றோடு போய்விடும். துணிகளைச் சுருட்டி ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்து வைத்தால், போக வழியின்றி உள்ளேயே ஏறும். தீக்குச்சி வேண்டியதில்லை. டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில் இது அச்சிடப்பட்டிருக்கிறது. எங்கள் குடியிருப்பில் அதைப் படித்தவன் நான் ஒருவனே.

ஆகவே பூசிய நாளெல்லாம் என் பழைய வேட்டித் துண்டுகளை மொட்டைமாடிக் கொடியில் தனித்தனியே விரித்துப் போட்டேன். ஒரு நாளும் தவறியதில்லை. வேம்புலியம்மாளுக்கு அந்த வாடை பிடிக்காது.

"இன்னா ஐயா இது, மீன் எண்ணெய ஊத்தி வச்ச மாரி கீது. பி பிளாக்கு அம்மா வடாம் காயப்போட வந்துச்சி, மூக்கப் புட்சிகினு எறங்கிப் போச்சி. திட்டு எனுக்கு" என்பார்.

"சுருட்டி வைத்தால் தீப்பிடிக்கும், வேம்புலியம்மா."

"துணி தானா பத்திக்குமா? ஐயாவுக்கு எப்பவும் தமாசுதான்."

நான் வேடிக்கைக்காகப் பேசுபவன் அல்லன்.

இனி ஏகாம்பரம். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் படிப்பறையில் என் மேசைமேல் ஏறிப் படுத்துத் தூங்குவார். மின்விசிறி அதற்கு நேர்மேலே இருந்தது. அறைக்கதவு இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் வகை. உள்ளிருந்து திறக்கவும் சாவி வேண்டும். சாவி காவல் கூண்டில் தொங்கும். அதனால் கதவு சாத்திக்கொள்ளாதபடி ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுப்பார். நான் மாலையில் போனால், அவருடைய தலை இருந்த இடத்தில் தேங்காய் எண்ணெய்க் கறை ஒன்று பிறை வடிவில் இருக்கும். தேங்காய் எண்ணெய் உலராது, அம்மா. என்றைக்கும் உலராது. அந்த இடத்தை மட்டும் தேய்த்தெடுத்துப் புதிதாகப் பூசினேன். மறு வாரமும் கறை. மறுபடியும் பூசினேன்.

"ஏகாம்பரம், ஒரு துண்டாவது விரித்துப் படுக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

அவர் எழுந்து உட்கார்ந்து சிரித்தார். "இன்னா வாத்தியாரே நீ. நீ பூசறதும் எண்ணெ, நான் பூசறதும் எண்ணெ. உன்துக்குக் காசு, என்துக்கு ஓசி. அவ்ளோதான?"

"இது படிப்பதற்கான மேசை."

"இது எங்க ஊட்டு உத்தரம் சாரு. சின்னப்புள்ளைல கீழ படுத்துகினு இத்த அண்ணாந்து பாத்துகினே தூங்குவேன். இப்போ மேலயே ஏறிப் படுத்துகினேன். பிரமோசன்."

இதில் கோபப்பட ஒன்றுமில்லை; நான் கோபப்படவுமில்லை. மரம் யாருடைய வீட்டில் இருந்தது என்பது ஒரு செய்தி. அதை மேசையாக்கியது யார் என்பது வேறொரு செய்தி. அவர் முதலாவதை அறிந்திருந்தார்.

செப்டம்பர் மாதக் கடைசி நாள் மாலை நிருவாகக் குழு கூடியது. செயலாளர் பிரசன்னா கணினி நிறுவனமொன்றில் வேலை பார்ப்பவர், கோவைக்காரர், மரியாதை தெரிந்தவர். அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. படிப்பறைக்கு உங்களைத் தவிர யாருமே வர்றதில்லைங்க. ரெண்டு டிரெட்மில் போட்டா எல்லாரும் யூஸ் பண்ணுவாங்க. புக்ஸை அசோசியேசன் ஆபீஸ்ல அடுக்கிக்கலாம். டேபிளை ஏகாம்பரம் அண்ணனுக்கே கொடுத்துடலாம்னு நினைக்கிறேன். அவங்க வீட்டு மரம்தானுங்களே. என்ன சொல்றீங்க?"

எல்லாரும் கை தட்டினார்கள். தீர்மானத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தவன் நான்தான். 'அன்னாரின் பூர்விக இல்லத்து மரம் என்பதால்' என்று ஒரு தொடரை நானே சேர்த்தேன். என் கையொப்பமும் அதில் இருக்கிறது. எதிர்த்து வாக்களிக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். அந்த முடிவில் நியாயம் இருந்தது. நியாயமான ஒன்றை எதிர்ப்பது என் வழக்கம் அன்று.

மறுநாள் காலை, பூசையன்று, அந்தத் தீர்மானத்தை ஏகாம்பரத்தின் கையில் கொடுத்தவனும் நான்தான். அவர் அதைப் பிரித்துப் படிக்கவில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப்பைக்குள் வைத்தார்.

"ரொம்ப தேங்ஸு வாத்தியாரே. குத்தம்பாக்கத்துல மச்சான் ஊட்டாண்ட ஒரு ரூமு கட்டிகினு கீறேன். இத்த அறுத்தா வாசக்கதவு ஒண்ணு, கட்டிலு ஒண்ணு தேறும்."

"அறுக்கப் போகிறீர்களா?"

"பின்ன? இம்மா நீட்டு எந்த ரூமுல நொழையும்? அறுத்துட்டு, மேல சந்தனக் கலரு எனாமலு ரெண்டு கோட்டிங் உட்டேன்னா, சும்மா ஜம்முனு கீது பாரு. நீயே வந்து பாத்துட்டு, 'அட, நம்ம மேசையா இது'ம்ப."

அதன் பிறகு நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

மேசை என் கையைவிட்டுப் போகிறது. குறையோடு போகக் கூடாது என்று எண்ணினேன். அன்று நல்ல வெயில். பூச ஏற்ற நாள். பூசைக்கு முன்பே மேசை முழுவதற்கும், கால்களுக்கும், அடிப்புறத்துக்கும்கூட, எண்ணெய் பூசித் துடைத்தேன். வழக்கத்தைவிடத் தாராளமாகப் பூசியதால் துடைத்த துணிகளும் மிகுதி. அவற்றைச் சுருட்டி ஓர் அட்டைப்பெட்டியில் திணித்து, இடையிடையே பழைய செய்தித்தாள்களை வைத்து, மேசைக்கு அடியில் ஸ்பாஞ்சுத் திண்டுகள் கிடந்த மூலையில் தள்ளினேன்.

வேம்புலியம்மாள் பெருக்க வந்தபோது அதைப் பார்த்தார். "துணி காயப்போடலயா ஐயா?"

"பூசை நாள். மாடியில் நாற்றம் வேண்டாம்" என்றேன்.

"இன்னிக்காவது எங்க மேல இரக்கம் வந்துச்சே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

படிப்பறையில்தான் குடியிருப்பின் பூசை. எண்ணெய் காயாத மேசைக்கு எதிரே ஒரு பலகை போட்டு, அதில் புத்தகங்களை அடுக்கி, சரசுவதி படத்தை வைத்தார்கள். வேம்புலியம்மாள் விளக்கேற்றினார். பொரி, சுண்டல் வழங்கினார்கள். பூசையில் வைத்த புத்தகத்தை மறுநாள் காலை வரை யாரும் தொட மாட்டார்கள். எந்தப் புத்தகத்தையும் படிக்கவும் மாட்டார்கள். அறைக்குள் போக யாருக்கும் வேலை இல்லை. இந்த வழக்கத்தை உண்டாக்கியவன் நான் அல்லன்.

எல்லாரும் போன பிறகு விளக்கைக் குளிரவைத்தேன். திரியை எண்ணெய்க்குள் இழுத்து, அதன்மேல் ஒரு பூவை வைத்தேன். எண்ணெய் பூசிய மரத்துக்கு அருகில் தனியே விளக்கு எரியவிடுவது ஆபத்து. அந்த அளவுக்கு நான் கவனமாக இருந்தேன் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். ஆகவே விளக்கு சாய்ந்தது என்பதும், அதனால் தீப்பிடித்தது என்பதும் பிழை. தீப்பிடித்தபோது அந்த அறையில் எரிந்துகொண்டிருந்த விளக்கே இல்லை. இந்த நாட்டில் சரசுவதி பூசையன்று ஓர் அறை எரிந்தால், விளக்கைத் தவிர வேறு எதையும் யாரும் நினைப்பதில்லை. வேம்புலியம்மாளும் நினைக்கவில்லை.

பிற்பகலில் மின்சாரம் நின்றது. ஜெனரேட்டரின் புகை உள்ளே வராமலிருக்கப் படிப்பறையின் சன்னல்களைச் சாத்திவைப்பது வழக்கம். அன்றும் அப்படித்தான் இருந்தன. ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது, எல்லா வீடுகளிலும் தொலைக்காட்சியில் பண்டிகைச் சிறப்பு நிகழ்ச்சிகள். அன்று படிக்கக் கூடாது என்பதால் நான் பால்கனியில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தேன். படிப்பறைச் சன்னலின் மேல்விளிம்பிலிருந்து புகை கசிந்ததை முதலில் பார்த்தவன் நான். முதலில் வெள்ளை, பிறகு ஸ்பாஞ்சு பற்றியபோது கறுப்பு. நான் யாரையும் அழைக்கவில்லை. எழுந்தும் போகவில்லை. சிறிது நேரத்தில் கீழே வண்டி துடைக்க வந்த யாரோ கத்தினார்கள். பிரசன்னாதான் கதவை உடைத்தார். அவருடைய கைகளில் இன்னும் கட்டு இருக்கிறது.

மற்றதை நீங்கள் அறிவீர்கள். பிணக்கூறு ஆய்வு அறிக்கை உங்களிடம் இருக்கிறது. தீயைவிடப் புகைதான் காரணம் என்று அதில் எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஏகாம்பரம் மேசைமேல் இல்லை. கதவருகே கிடந்தார். சட்டைப்பையில் இருந்த தீர்மானம் பாதி கருகியிருந்தது. கையொப்பங்கள் இருந்த பாதி தப்பியது.

மேசையும் தப்பியது. மேற்பரப்பு கரியாகிவிட்டது; ஆனால் சுரண்டிப் பார்த்தேன், உள்ளே மரம் கெடவில்லை. இனி அதை யாரும் குத்தம்பாக்கத்துக்குக் கொண்டுபோக மாட்டார்கள்.

வேம்புலியம்மாள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகும் வேலைக்கு வந்தார். பெருக்குமாறைப் பிடித்தபடி வாயிற்கதவருகே உட்கார்ந்துகொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் ஒன்றையே சொன்னார். என்னிடமும் சொன்னார்.

"நான்தான் ஐயா. விடியற வரைக்கும் எரியற மாரி வெளக்குல எண்ணெ நெறைய ஊத்தினேன். நாளு கெழமையாச்சேன்னு ஊத்தினேன். என் கையாலயே என் புருசன கொளுத்திட்டேன்."

நான் அவருக்கு ஆறுதல் கூறினேன். நடந்ததற்கு யாரும் பொறுப்பில்லை என்றேன். அப்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். என் விரல்களில் ஆளிவிதை எண்ணெயின் வாடை இருந்தது. அவருக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை.

ஆறுதல் கூறியவன் அன்றே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. சொல்ல வேண்டிய தேவை எழவில்லை. அழுகையில் சொல்லப்படுவது ஆவணம் ஆகாது. நேற்று வந்த தாள் ஆவணம். வேம்புலியம்மாளின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்றும், அவரைப் பணியிலிருந்து நீக்குவதென்றும் அதில் முடிவு செய்திருக்கிறார்கள். எழுவாய் தவறான வாக்கியத்துக்குக் கீழே நான் கையொப்பமிட மாட்டேன். இரக்கத்தால் வந்தேன் என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள்.

வருத்தப்படுகிறேனா என்று தொடக்கத்தில் கேட்டீர்கள். ஓராண்டு உழைத்து ஒன்றைக் குறையின்றி முடித்தவனிடமிருந்து அதைப் பறித்து, அறுத்து, அதன்மேல் சந்தன நிற எனாமல் அடிக்கப்போவதாக அவனிடமே சிரித்துக்கொண்டு சொன்னார்கள். அதற்கு யாராவது வருத்தப்பட்டார்களா? நான் தீக்குச்சி கிழிக்கவில்லை. யார்மீதும் கை வைக்கவில்லை. ஆண்டு முழுவதும் தவறாமல் செய்துவந்த ஒரு வேலையை ஒரு நாள் செய்யாமல் விட்டேன். துணியை விரிக்கவில்லை, அவ்வளவே. இதே சூழ்நிலை மறுபடியும் வந்தால், மறுபடியும் விரிக்க மாட்டேன்.

காவல்துறையிடம் தரும் ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது என்பதை அறிவேன். நீதித்துறை நடுவர் முன்னும் இதையே, இதே சொற்களில், சொல்வேன். சங்கத்தின் தாளில் இரு பிழைகளையும் அடித்துத் திருத்தி, ஓரத்தில் செய்தவன் நான் என்பதையும் எழுதி, காலியாக இருந்த இடத்தில் கையொப்பமிட்டிருக்கிறேன். இந்தாருங்கள், பெற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பிழை எதுவென்று கேட்கிறீர்கள். கடைசி வரி: 'காற்றில் கதவு தானே சாத்திக்கொண்டதால் காவலாளியால் வெளியேற இயலவில்லை.' அன்று காற்றே இல்லை. ஓர் இலைகூட அசையவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு நான் கீழே வந்தபோது கதவு அரைகுறையாகத் திறந்து, செங்கல் முட்டுக் கொடுத்திருந்தது. காற்றோட்டம் இருந்தால் துணி சூடேறாது. ஆகையால் செங்கல்லை எடுத்துவிட்டு, கதவை இழுத்துச் சாத்தியவன் நான்தான். உள்ளே ஆள் இருந்தது தெரியுமா என்றால், தெரியாது. நான் எட்டிப் பார்க்கவில்லை. மற்ற நாட்களில் செருப்புக் காலோடு உள்ளே போகிறவர், அன்று சாமி படம் இருந்ததால் வாசலிலேயே கழற்றிவிட்டிருந்தார்; அவை ஒன்று கிழக்கிலும் ஒன்று மேற்கிலுமாகக் கோணலாகக் கிடந்ததால், எடுத்துச் சுவரோரமாக இணைசேர்த்து நேராக வைத்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினேன்.